கொல்லிமலைப் பச்சிலையும் ஆய்வகத்துச் சான்றும்

(கொல்லிமலையில் தனித்தமிழ் அன்பர் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கொல்லிமலையில் கால் வைக்கும் தமிழன் வல்வில் ஓரியை நினையாமல் இருத்தல் இயலாது. செம்மேட்டில் அவன் சிலை நிற்கிறது. ஆடித் திங்களில் அவன் பெயரால் விழா நடக்கிறது. அவன் விடுத்த ஒற்றை அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்னும் செய்தியைப் புறநானூற்றில் வன்பரணர் பாடி வைத்தார். அதில் எண்ணிப் பார்க்கத் தக்க ஒன்று உண்டு. 'ஓரி பெருவீரன்' என்று சொல்லிப் புலவர் அமைந்துவிடவில்லை. அம்பு எதில் பட்டது, அடுத்து எதில் பட்டது, முடிவில் எங்கே நின்றது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்குக் காட்டினார். புகழுக்குச் சான்று வேண்டும் என்பது பழந்தமிழன் கொள்கை.

இன்று தமிழ் மருத்துவத்தைப் பற்றி மேடையேறிப் பேசுவோர் பலர் அம்பு விட்டதைப் பேசுகின்றனர். அது தைத்த இடத்தைக் காட்டுவாரில்லை. 'எல்லாம் சித்தர் அன்றே கண்டுவிட்டனர்' என்பது அவர்தம் முழக்கம். இன்னொரு சாராரோ, வெளிநாட்டான் குப்பியில் அடைத்து ஆங்கிலப் பெயர் ஒட்டிக் கொடுத்தாலன்றி எதனையும் மருந்தென்று ஒப்பார். முன்னவர் பேச்சு வெறும் பெருமை. பின்னவர் பேச்சு வெறும் அடிமைத்தனம். இவ்விரண்டுக்கும் இடையே மலைக்காட்டின் பச்சிலை நாதியற்றுக் கிடக்கிறது. அப் பச்சிலை எவ்வாறு மருந்தாகிறது, ஆகும் வழியில் தமிழுக்கு என்ன வேலை, ஆனபின் அதன் பயன் யாருக்குச் சேர வேண்டும் என்னும் மூன்று செய்திகளே இவ்வுரையின் பொருள்.

மலையும் அதன் மக்களும்

நாமக்கல் மாவட்டத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது இம்மலை. இங்கு வாழும் பழங்குடியினரை அரசின் பட்டியல் 'மலையாளி' என்று குறிக்கிறது. இப்பெயரைக் கேட்டு, இவர்களைக் கேரளத்தார் என மயங்குவோரும் உளர். மலையை ஆள்வோர் மலையாளிகள், அவ்வளவே. இவர்கள் பேசும் மொழி தமிழ். இவர்தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது வழிவழியாக இவர்களிடம் வழங்கும் செய்தி. தமிழ்ப் பெயர் ஒன்றின் பொருளைத் தமிழரே மறந்ததற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி நுழைந்தது. ஆலைக்கு விற்றால் கையில் பணம் கிடைத்தது. வீட்டுக் குதிரில் இருந்த விதை குறைந்தது. ஒரு சாமை வகை வயலை விட்டு மறைந்தால், அதன் பெயரும், அது விதைக்கும் பருவமும், அதை உண்ணத் தக்க நோயாளி யார் என்னும் அறிவும் உடன் மறையும். 1990-களிலிருந்து மா. சா. சாமிநாதன் ஆய்வு நிறுவனம் இம்மலையின் சிறுகூலங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டதற்குக் கரணியம் இதுவே. கூலத்துக்கு நேர்ந்த இந்நிலை பச்சிலைக்கும் நேரும்.

அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் செல்லும் வழியெங்கும் விற்கப்பெறும் முடவாட்டுக்கால் கிழங்கை அறியாதார் இலர். பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் பெரணி வகை அது. கிழங்கின் மேல் பழுப்பு மயிர் அடர்ந்து, பார்ப்பதற்கு ஆட்டின் கால் போலவே இருக்கும். தோலைச் சீவி, இடித்து, மிளகும் சீரகமும் கூட்டிச் சாறாக்கிக் குடித்தால் மூட்டுவலி தீரும் என்பது மக்கள் துணிபு. முடவனை ஆட்டும் கால் என்று பெயருக்குப் பொருள் சொல்வாரும் உளர்.

இக்கிழங்கை ஆய்வாளர் எலிகளிடத்தில் ஆய்ந்து, வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் ஆற்றல் அதன் சாற்றுக்கு உண்டெனக் கட்டுரைகள் எழுதியுள்ளனர். 'கண்டீர்களா, முன்னோர் சொன்னது மெய்யாயிற்று' என்று உடனே பறை அறைதல் எளிது. ஆயின் அந்த ஆய்வில் நடந்தது யாது என்று அறிந்தபின் பறையைக் கையில் எடுத்தல் நன்று.

ஆய்வகத்தில் நடப்பது யாது?

மாந்தனுக்குக் கொடுக்குமுன் ஒரு மருந்துப் பொருள் கடக்க வேண்டிய வழி நெடியது. அதை 'முன்னாய்வு' எனலாம்.

முதலில் செடியை இன்னதென்று உறுதிசெய்ய வேண்டும். எந்த மலை, எந்தத் திங்கள், எந்த உறுப்பு என்று குறித்து, செடியின் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிக் காப்பகத்தில் வைப்பர். பின்னாளில் ஐயம் எழுந்தால் அதுவே சான்று.

இரண்டாவது, சாறு பிரித்தல். நிழலில் உலர்த்தித் தூளாக்கிய இலையை வெவ்வேறு கரைப்பான்களில் ஊறவைப்பர். எண்ணெய்ப்பசையுள்ள பொருள்கள் எக்சேனில் இறங்கும்; வேறு சில மெத்தனாலில் இறங்கும்; இன்னும் சில நீரில் மட்டுமே இறங்கும். இறங்கிய சாற்றிலும் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்திருக்கும். நெடிய கண்ணாடிக் குழாயில் நுண்தூளை நிரப்பி, சாற்றை மேலிருந்து வழியவிட்டால், ஒவ்வொரு சேர்மமும் தன் பற்றுதலுக்கு ஏற்ப விரைந்தோ தயங்கியோ இறங்கித் தனித்தனியே பிரியும். அவ்வாறு பிரிந்தவற்றுள் வினை செய்வது எது என்று தேடுவர்.

மூன்றாவது, குப்பிக்குள் ஆய்வு. வளர்த்த உயிரணுக்களின்மீதோ, நோய்க்குக் கரணியமான நொதியத்தின்மீதோ அச்சேர்மத்தை இட்டுப் பார்ப்பர். இங்கே தேறுவன பல. ஆனால் குப்பிக்குள் நோயுயிரியைக் கொல்வதெல்லாம் மருந்தன்று, கொதிநீரும் கொல்லும்.

நான்காவது, விலங்கில் ஆய்வு. எடுத்துக்காட்டாக, வீக்கத்துக்கான ஆய்வில், கடற்பாசியிலிருந்து எடுத்த கராசீனன் என்னும் பொருளை எலியின் உள்ளங்காலில் ஊசியால் செலுத்துவர். சில மணி நேரத்தில் கால் வீங்கும். ஒரு கூட்டத்து எலிகளுக்கு வெறும் நீர். ஒரு கூட்டத்துக்கு முன்பே அறிந்த வீக்க மருந்து. ஏனைய கூட்டங்களுக்கு ஆய்வுச்சாறு சிறிதும் பெரிதுமான அளவுகளில். மணிக்கு மணி காலின் பருமனை அளந்து ஒப்பிடுவர். முடவாட்டுக்கால் போன்றவற்றின் 'வீக்கம் குறைந்தது' என்னும் முடிவுகள் இத்தகைய அளவைகளிலிருந்து வருகின்றன. சில மணி நேரத்து எலிக்கால் வீக்கம் வேறு. இருபது ஆண்டு தேய்ந்த முதியவர் முழங்கால் வேறு. முன்னது பின்னதற்கு வழிகாட்டும், சான்றாகாது.

ஐந்தாவது, நச்சாய்வு. பன்னாட்டு நெறிமுறை ஒன்றின்படி, மூன்று மூன்று விலங்குகளாக, உடல் எடை கிலோ ஒன்றுக்கு 2,000 மில்லிகிராம் அளவு வரையிலும் படிப்படியாகக் கொடுத்து, 14 நாள் காத்திருந்து காண்பர். அதன்பின் நாள்தோறும் பல கிழமைகள் கொடுத்து, கல்லீரலும் சிறுநீரகமும் கெடுகின்றனவா, குருதி மாறுகிறதா, கருவுக்குக் கேடு உண்டா, மரபணுவில் திரிபு தோன்றுகிறதா என்று ஆய்வர். உண்ட பொருள் குடலில் ஏறுகிறதா, எவ்வுறுப்பில் தங்குகிறது, எப்போது வெளியேறுகிறது என்பதும் அளக்கப்படும். இவ்வாறு தொடங்கும் ஆயிரக்கணக்கான சேர்மங்களுள் ஒன்றிரண்டே மருந்துக் கடைக்கு வந்து சேரும். அதற்கும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இவ்வளவு தடைகள் எதற்கு என்று வினவுவார் உளர். 1937-இல் அமெரிக்காவில் நல்ல மருந்தொன்றை இனிய நீர்மமாக்க வேண்டி நச்சுக் கரைப்பானில் கரைத்து விற்றனர். நச்சாய்வு செய்திலர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் குழந்தைகள் பலர். 1957-இல் மேற்குச் செருமனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, எலிக்கு எவ்வளவு கொடுத்தும் சாவு நேராத 'தீங்கற்ற' தூக்க மருந்தென்று போற்றப்பட்டது. கருவுற்ற விலங்குகளில் அதனை முறையாக ஆய்ந்து பார்க்கவில்லை. 1961-இல் அது திரும்பப் பெறப்படுமுன் பல நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்தன. ஆய்வகத்தின் ஒவ்வொரு விதியின் பின்னும் ஒரு புதைகுழி இருக்கிறது. 'பச்சிலைதானே, என்ன செய்யும்' என்போர் இதை நினைவிற் கொள்க. எட்டியும் பச்சிலைதான், அரளியும் பச்சிலைதான்.

மக்கள் அறிவு வழிகாட்டி, தீர்ப்பன்று

சுடுகாட்டு மல்லிகை என்று தமிழர் வழங்கும் செடியை நித்தியகல்யாணி என்று வடசொல்லாற் சுட்டுவதே பெருவழக்கு. பல நாடுகளில் அதன் இலையை நீரிழிவுக்கு நாட்டுமருந்தாகக் குடித்தனர். கனடாவில் நோபிள், பீர் என்னும் ஆய்வாளர்கள் அக்கருத்தை ஆய்ந்து பார்த்தபோது எலிகளின் குருதியில் சர்க்கரை குறையவில்லை. மாறாக வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்தன. நீரிழிவு மருந்து தேடினவர், குருதிப் புற்றுநோய்க்குப் பகையைக் கண்டனர். 1958-இல் அவர்கள் வெளியிட்ட வின்பிளாசுட்டின் இன்றும் புற்றுநோய் மருத்துவத்தில் இருக்கிறது. அதில் ஒரு கிராம் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். தென்மாவட்டங்களில் மழைமறைவுப் புன்செய்களில் அச்செடி பயிராகி இலையும் வேரும் ஏற்றுமதியாகின்றன. இலை தமிழ்நிலத்தது, மருந்தின் விலை பிறர் குறிப்பது.

மக்கள் சொன்ன பயன் அங்கே மெய்ப்படவில்லை. ஆனால் 'இச்செடியில் ஏதோ உண்டு' என்று மக்கள் கைகாட்டியது மெய்யாயிற்று. நாட்டுமருந்தறிவின் மதிப்பு இத்தகையது. அது வழிகாட்டும் கை. தீர்ப்பெழுதும் கோல் அன்று.

கீழாநெல்லி தந்த பாடம்

தமிழர் மஞ்சட்காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது ஊரறிந்த செய்தி. பி வகைக் கல்லீரல் அழற்சியின் நச்சுயிரியைக் கண்டறிந்தமைக்காக 1976-இல் நோபல் பரிசு பெற்றவர் புளூம்பெர்க்கு. அவரும் அவர்தம் பிலடெல்பியா ஆய்வகத்தைச் சேர்ந்த வெங்கடேசுவரன், மில்மேன் ஆகியோரும் கீழாநெல்லிச் சாற்றை எடுத்து ஆய்ந்து 1987-இல் முடிவை வெளியிட்டனர். குப்பிக்குள் அது நச்சுயிரி பெருகுவதற்குரிய நொதியத்தைத் தடுத்தது. வளைதோண்டி வாழும் அணிலின விலங்கான வுட்சக்கிடத்தும், அதற்கே உரிய கல்லீரல் நச்சுயிரியின் அளவைக் குறைத்தது.

அடுத்த ஆண்டு, 1988-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராசனும் அவர்தம் குழுவினரும் புளூம்பெர்க்கோடு சேர்ந்து மாந்தரிடம் நடத்திய ஆய்வு இலண்டனின் 'இலான்செட்டு' இதழில் வந்தது. செடித்தூள் 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். தூள் உண்ட 37 பேருள் 22 பேருக்கு நச்சுயிரியின் மேலுறைப் புரதம் குருதியிலிருந்து நீங்கியது. வெறுங்குளிகை உண்ட 23 பேருள் ஒருவருக்கே நீங்கியது. தமிழகத்துப் பாட்டியின் அம்மியிலிருந்த செடி உலகின் தலையாய மருத்துவ இதழில் ஏறியது! அதைப் பெருமையென்று கொள்வதில் தவறில்லை.

ஆனால் பெருமையோடு கதை முடியவில்லை. 1990-இல் தாய்லாந்தில் அதே முறையில் நடத்திய ஆய்வில் அப்பயன் கிட்டவில்லை. ஏன்? அங்கே விளைந்த செடியின் சேர்மங்கள் வேறாயிருக்கலாம்; பறித்த பருவம் வேறாயிருக்கலாம்; நோயாளிகளின் நிலை வேறாயிருக்கலாம்; முதல் ஆய்வின் எண்ணிக்கை சிறிதாயிருந்ததும் ஆகலாம். பெயர்க்குழப்பமும் அதில் கலந்தது. 1987-இன் கட்டுரை அச்செடிக்கு ஓர் இலத்தீன் பெயரைத் தலைப்பிலேயே சொல்லிற்று. 1988-இன் கட்டுரை அதனை வேறோர் இலத்தீன் பெயரால் குறித்தது. கீழாநெல்லியைப் போலவே தோன்றும் செடிகள் பல. செம்மைநிறக் கீழாநெல்லியும் மேலாநெல்லியும் வெவ்வேறு செடிகள். அவற்றைத் தனித்தனியே பெயரிட்டுப் பிரித்தறிந்தவர் தமிழ்நாட்டு மருத்துவர். அப்பெயர்களோடு செடியை ஒட்டி வைத்த தாள் எத்தனை ஊர்களில் இருக்கிறது?

இதற்கிடையே, அச்செடிச் சாற்றைக் கல்லீரல் நச்சுயிரிக்கு எதிராகப் பயன்படுத்தும் முறைக்குப் பிலடெல்பியா நிறுவனம் 1980-களில் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றுவிட்டது.

வினைச்சொல் ஒன்று காத்த உயிர்கள்

மொழிக்கும் ஆய்வகத்துக்கும் என்ன தொடர்பு என்று ஏளனம் செய்வோருக்குச் சீனத்தின் செய்தியே விடை. 1960-களின் இறுதியில் மலேரியாக் காய்ச்சலுக்குப் புதிய மருந்து தேடிய து யூயூ என்னும் அம்மையாரின் குழு, மருத்துவ நூல்களிலிருந்தும் ஊர் மருத்துவரிடமிருந்தும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்துமுறைகளைத் திரட்டியது. ஏறத்தாழ 200 செடிகளிலிருந்து 380-க்கு மேற்பட்ட சாறுகளை எலிகளில் ஆய்ந்தது. ஒரு செடியின் சாறு ஒருமுறை நல்ல பயன் காட்டிற்று, மறுமுறை காட்டவில்லை. அம்மையார் மீண்டும் பழைய நூலுக்கே சென்றார். நாலாம் நூற்றாண்டில் கே ஓங் எழுதிய நூலில், அச்செடியை நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, அச்சாற்றைப் பருகச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை! சூடே சேர்மத்தைக் கெடுக்கிறது என்று அம்மையார் உய்த்துணர்ந்தார். குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதர் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்குதோபர் 4-ஆம் நாள் ஆய்ந்த 191-ஆம் எண் சாறு எலிகளின் நோயை முற்றும் அகற்றியது. மாந்தருக்குக் கொடுக்குமுன் அவரும் உடனாய்வாளரும் தாமே அதை உண்டு தீங்கில்லை எனக் கண்டனர். ஆர்த்திமிசினின் என்னும் அம்மருந்து உலகெங்கும் எண்ணிலா உயிர்களைக் காத்தது. 2015-இல் நோபல் பரிசும் வந்தது.

எண்ணிப் பாருங்கள்! 'பிழி' என்னும் ஒரு வினைச்சொல்லில் ஒரு மருந்து ஒளிந்திருந்தது. தன் மொழியில் எழுதிய நூலைத் தானே படிக்க வல்ல அறிவியலாளர் இருந்தமையால் அது வெளிப்பட்டது.

தமிழ் மருத்துவம் உள்மருந்தில் 32 வகையும் புறமருந்தில் 32 வகையும் வகுத்தது. சாறு வேறு, குடிநீர் வேறு, கற்கம் வேறு. ஊறவைத்தல், இடித்தல், அரைத்தல், பிழிதல், வதக்குதல், வாட்டுதல், காய்ச்சுதல், வற்றவைத்தல் என்னும் ஒவ்வொரு சொல்லும் ஆய்வகத்துக்குரிய அளவைக் குறிப்பாகும். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று இலையின் பருவம் ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனிச்சொல் உண்டு. இலையின் அகவை மாற மாற அதன் சேர்மங்களும் மாறுகின்றன என்பது இன்றைய நிலைத்திணை வேதியியலின் பாடம். 'கொழுந்தை வாட்டிப் பிழிக' என்னும் ஏட்டுத் தொடரை 'இலைச் சாறு' என்று ஆங்கிலத்தில் பெயர்த்து ஆய்வகத்துக்குத் தந்தால், மூன்று உண்மைகளில் இரண்டு வழியிலேயே உதிர்ந்துவிடும். ஆய்வு தோற்றபின் 'தமிழ் மருத்துவம் பொய்' என்பர். பொய்த்தது மருத்துவமன்று, பெயர்ப்பு.

பயன் யாருக்கு?

1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நடுவம், புண்ணாற்ற மஞ்சள்தூளைப் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை பெற்றது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூற்சான்றுகளைக் காட்டி வழக்காட, 1997-இல் அது நீக்கப்பட்டது. வேம்பின் எண்ணெய் கொண்டு பூஞ்சையை அழிக்கும் முறைக்கு 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றது அமெரிக்க வேளாண் துறையோடு சேர்ந்த கிரேசு நிறுவனம். அது 2000-இல் நீக்கப்பட்டு, 2005-இல் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. தமிழ்நாட்டில் மஞ்சளை அறியாத அடுக்களையும் வேம்பை அறியாத வாயிலும் இல்லை. ஆயினும் மன்றத்தில் செல்லுபடியானது அடுக்களையின் பழக்கமன்று, அச்சேறிய எழுத்து. எழுதாத அறிவு வழக்குமன்றத்தில் ஊமை.

இதற்கென 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகம் சித்த மருத்துவ நூற்செய்திகளையும் தொகுத்து, ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், சுபானியம், சப்பானியம் என்னும் ஐந்து மொழிகளில் வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலர் காணத் தந்துள்ளது. நல்ல பணி. ஆனால் மூலம் தமிழாயிருந்தும், அந்த ஐந்து மொழிகளுள் தமிழ் இல்லை. பிறன் திருடாமல் இருக்க ஆவணம் செய்யப்பட்டது; தமிழ்நாட்டு ஆய்வு மாணவன் படித்து மேற்செல்ல அன்று.

பயனைப் பகிர்ந்த எடுத்துக்காட்டும் உண்டு. 1987-இல் பொதிகையைச் சார்ந்த காடுகளில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர் களைத்தபோது, வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் தாம் உண்ட ஒரு காட்டுக் கனியைக் கொடுத்தனர், களைப்பு நீங்கியது. அச்செடியைத் திருவனந்தபுரத்து வெப்பமண்டலப் பூங்கா ஆய்வு நிறுவனம் விலங்குகளில் ஆய்ந்து 'சீவனி' என்னும் மருந்தாக்கிற்று. 1995-இல் கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்கு 10 இலக்கம் உருபாவுக்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் உரிமம் தரப்பட்டது. அதில் சரிபாதி காணிமக்களுக்கென்று ஒதுக்கி, 1997-இல் அவர்களுக்கென அறக்கட்டளையும் அமைந்தது. தொகை பெரிதன்று, நெறி பெரிது. அறிவு கொடுத்தவனுக்குப் பங்குண்டு என்று அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இந்நெறியைச் சட்டமாக்கியது. வெளிநாட்டார் இந்நாட்டுச் செடியை ஆய்வுக்கு எடுக்க, சென்னையில் அமர்ந்துள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் இசைவு வேண்டும். ஊர்தோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பதிவேடு எழுத வேண்டும். 2023-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. நூல்களில் ஏறிய மரபறிவைப் பயன்படுத்துவோருக்கும் பயிரிட்ட மருந்துச்செடிகளுக்கும் பங்கு தரும் கடமையிலிருந்து விலக்குத் தரப்பட்டது. ஆகவே ஏட்டில் ஏறிய தமிழ் அறிவுக்குப் பங்கு கேட்கும் வழி சுருங்கியது. எஞ்சியிருப்பது, ஏட்டில் ஏறாமல் மலைமக்கள் நாவில் வாழும் அறிவு. அதனை யார், எப்பெயரில், யாருக்காகப் பதிகின்றனர் என்பதே இனிவரும் போராட்டம்.

தமிழர் கடமை

முதலாவது, பொய்ப்பெருமையை விடுதல் வேண்டும். ஆய்ந்து பாராத மருந்தைத் தமிழின் பெயரால் நோயாளிக்கு ஊட்டுவோன் தமிழுக்கு இரண்டகம் செய்கிறான். கல்லீரல் கெட்டு ஒருவர் மாண்டால், பழி அவன்மீது வீழாது; தமிழ்மீது வீழும்.

இரண்டாவது, பெயர்களைத் தொகுத்தல் வேண்டும். கொல்லிமலையின் ஒவ்வொரு சிற்றூரிலும் முதியோரிடம் அமர்ந்து, செடியின் பெயர், அதன் உறுப்பு, பறிக்கும் பருவம், செய்முறையின் வினைச்சொல் ஆகியவற்றை அவர்தம் வாய்மொழியிலேயே எழுதுதல் வேண்டும். அதைச் சொன்னவரின் இசைவோடும், ஊர்ப் பல்லுயிர்க் குழுவின் பதிவேட்டில் உரிமைக் குறிப்போடும் எழுதுதல் வேண்டும். உரிமை காவாமல் அறிவை மட்டும் அச்சிட்டுப் பரப்புதல், கதவைத் திறந்து வைத்துத் திருடனை ஏசுவது போலாம்.

மூன்றாவது, ஆய்வுத் தமிழ் வளர வேண்டும். தாம்பரத்தில் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் 2005-இல் தோன்றியது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இலிருந்து இருக்கிறது. ஏட்டுச் சுவடியைப் படிக்கத் தெரிந்த மருத்துவரும், எலியின் குருதியை அளக்கத் தெரிந்த வேதியியலாரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே மொழியில் உரையாட வேண்டும். அம்மொழி தமிழாதல் வேண்டும். பயன் கிட்டாத ஆய்வின் முடிவையும் மறையாமல் தமிழில் வெளியிட வேண்டும். தோல்வியை ஒளிப்பது அறிவியலும் அன்று, அறமும் அன்று.

நான்காவது, மலையைக் காத்தல் வேண்டும். முடவாட்டுக்காலின் பயன் கிழங்கில் இருப்பதால், கிழங்கைப் பெயர்த்தால் செடியே போகும். சுற்றுலா வருவோர் ஒரு குவளைச் சாறுக்காகப் பாறைகள் மொட்டையாகுமாயின், நாளை ஆய்வு செய்ய மருந்தும் இராது. பெயர் மட்டும் அகரமுதலியில் கிடக்கும். ஒருபகுதி எடுத்து ஒருபகுதி விடும் மலைமக்களின் பழைய கட்டுப்பாடும், நாற்றங்கால் இட்டுப் பெருக்கும் புதிய முறையும் கைகோத்தல் வேண்டும்.

பெருமக்களே! ஓரியின் வில்லைப் பாடுவதற்கு இம்மலையில் ஆள் குறைவில்லை. அம்பு எங்கே தைத்தது என்று காட்டுவதற்கே ஆள் வேண்டும். சீனத்து அம்மையார் ஒருவர் தம் மொழியின் ஒரு வினைச்சொல்லை நம்பி உலகுக்கு மருந்து தந்தார். தமிழில் அத்தகைய சொற்கள் ஆயிரம் உள. அவை கொல்லிமலையின் முதுமகளிர் நாவில் இன்னும் வாழ்கின்றன. அந்நாக்கள் ஓயுமுன் தமிழ் இளைஞன் எழுதுகோலோடும் அளவைக் கோலோடும் இம்மலை ஏறி வருக! சொல்லையும் செடியையும் சான்றையும் ஒருங்கே காக்க! அதுவே தமிழ்த்தொண்டு, அதுவே மாந்தர்க்கெல்லாம் செய்யும் தொண்டு.

வெல்க தமிழ்!